கழுத்துக் கட்டியும் நம் கடமையும்

(ஏற்காட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

முன்கழுத்தில் வீக்கமுடைய ஸ்திரீகளை இச்சேர்வராயன் மலையிலும் கீழே சேலத்திலும் நாம் யாவரும் கண்டிருக்கிறோம். கழலைதானே என்று வாளாவிருந்தும் விடுகிறோம். அவ்வீக்கங்களுட் சில தைராய்டுப் புற்றுநோயாக இருத்தல் கூடும். உரிய காலத்தில் அறியப்படின் அந்நோய் பெரும்பாலும் குணப்படும். இவ்விரண்டையும் எடுத்துரைக்கவே இன்று நாம் முன்வந்தோம்.

தைராய்டு என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைத் தழுவி, வண்ணத்துப்பூச்சி வடிவாய் அமைந்த சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது சுரக்கும் நீரே உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் நடத்துவது. அயோடின் குறையின் சுரப்பி பருத்துக் கழலையாகும். இமயச்சாரலில் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ஆம் ஆண்டு தொடங்கி டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடன் உழைத்தோரும் அயோடின் கலந்த உப்பை வழங்கி, கழலை குறைதலை மெய்ப்பித்தனர். ஆதலின் அவ்வுப்பையே வாங்குதல் நலம். எனினும் கழலை வேறு, புற்று வேறு. உப்பு ஒன்றே புற்றைத் தடுத்துவிடும் என்று எண்ணற்க.

கழுத்துக் கட்டிகள் 100-இல் 90-க்கு மேற்பட்டவை புற்று அல்ல. ஆகையால் அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா. ஆடவரைவிடப் பெண்டிர்க்கு இந்நோய் ஏறக்குறைய மும்மடங்கு மிகுதி. தொடக்கத்தில் வலி இராது. வலியின்மையே நம்மை ஏமாற்றுவது. கட்டி கடினமாயிருத்தல், விரைந்து வளர்தல், குரல் கம்முதல், விழுங்குதற்கு இடர்ப்படுதல், கழுத்தின் பக்கத்தில் நெறி கட்டுதல் ஆகியவை தோன்றின் தாமதிக்கலாகாது. இளமையில் கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றவரும், குடும்பத்தில் இந்நோய் உடையவரும் பின்னும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

சோதனை கடினமன்று. இரத்தச் சோதனையும் ஸ்கேனும் முதலிற் செய்வர். ஐயம் எழின், மெல்லிய ஊசியால் கட்டியினின்று சில அணுக்களை எடுத்து நுண்பெருக்கியில் நோக்குவர். ஊசி பட்டால் புற்று பரவும் என்னும் பேச்சை நம்பிப் பின்வாங்குதல் தகாது. கட்டியே இல்லாதாரும் ஸ்கேன் எடுத்துத் தேடவேண்டுமோவெனின், வேண்டா. தென்கொரியாவில் அங்ஙனம் தேடியதனால் நோயாளர் தொகை 1993-க்கும் 2011-க்கும் இடையில் 15 மடங்காயிற்று. இறந்தோர் தொகையோ குறைந்திலது.

முதற்சிகிச்சை அறுவையே. மலைநாடாகிய சுவிட்சர்லாந்தில் கழலை மிகுதியாயிருந்த காலத்தில், தியோடர் கோக்கர் என்னும் வைத்தியர் இவ்வறுவையை அபாயமின்றிச் செய்யும் வழி கண்டு 1909-இல் நோபல் பரிசு பெற்றார். சுரப்பியை முற்றும் நீக்கியவர் உடலும் அறிவும் மந்தமாகி வருந்துவதைக் கண்டவரும் அவரே. இக்காலத்தில் நாள்தோறும் ஒரு மாத்திரை அக்குறையை நிரப்புகிறது. நோயின் வகைக்கும் பரவலுக்கும் ஏற்பச் சிலருக்குக் கதிரியக்க அயோடினும் கொடுப்பர்; அறுவைக்குப் பின் எஞ்சிய தைராய்டு அணுக்களை அது தேடிச்சென்று அழிக்கும். மிகுதியாய்க் காணும் வகையை முன்னரே கண்டு சிகிச்சை பெற்றோருள் 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றனர். முதியோர்க்கு வரும் அரிய வகையொன்று மட்டும் மிகக் கொடியது. அது வாரக்கணக்கில் வளரும். சுரப்பியை முற்றும் இழந்தவர், உடல் தேறிற்றென்று மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு.

சகோதரர்களே! வைத்தியம் இவ்வளவு முன்னேறியும் நம் பெண்கள் ஏன் கட்டியை முந்தானையால் மறைக்கின்றனர்? பெண் பார்க்க வருவோர் கழுத்தை நோக்குவர் என்னும் அச்சமே காரணம். அறுவைத் தழும்பைக் கண்டு சம்பந்தத்தை முறிப்பவர் எங்கோ இருப்பவரல்லர், நம்மவரே. நோயை மறைக்கச் செய்வது நாம், பின்பு காலங்கடந்தது என்று அழுவதும் நாம். இந்நோய் தொற்றுவதன்று, குணமடைந்தவர் வைத்தியர் ஆலோசனையுடன் மகப்பேறும் அடைகின்றனர். சம்பந்தம் பேசி முடிக்கும் சங்கத்தாராகிய நாமே இவ்வழக்கத்தை ஒழித்தல் கூடும்.

தோட்ட வேலை செய்வாருக்குச் சேலத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இறங்கி ஏறுவது ஒரு நாட்கூலியை இழப்பதாகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வதோ பின்னும் அரிது. ஆதலின் வழிச்செலவுக்கென ஒரு சிறு நிதியும், உடன் செல்ல ஓர் ஆளும் நமது சங்கம் ஏற்படுத்த வேண்டுமென்று பிரேரேபிக்கிறோம். இன்றிரவே ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் பெண்டிரைக் கழுத்தைக் குறித்து அன்புடன் வினவுவீர்களாக. அதுவே இப்பிரசங்கத்தின் பயனென்று கொண்டு அமர்கிறோம்.