ஊசலாடும் ரசாயனமும் கோலப் புள்ளிகளும்

  

ஊசலாடும் ரசாயனக் கிரியைகளை, கட்டம் ஒவ்வொன்றும் அண்டைக் கட்டங்களைப் பார்த்துப் படிப்படியாக நிலை மாறும் கட்டத் தானியங்கிகளைக் கொண்டு விளக்குவது ரசாயனமாகாது, வெறும் சித்திர வேலையே என்று என் சகாக்கள் நெடுங்காலமாகக் கூறி வருவதும், நான் அதை மறுத்து வருவதும் இச்சபையில் பலர் அறிந்ததே. அந்த வழக்கை இன்று தீர்த்துவிட விரும்புகிறேன்.

1951-ல் ருஷ்ய விஞ்ஞானி பெலூசோவ், சிட்ரிக் அமிலமும் புரோமேட்டும் சீரியம் உப்பும் சேர்ந்த கரைசல் மஞ்சளாவதும் நிறமிழப்பதுமாக மாறி மாறி வரக் கண்டு எழுதியபோது, அப்படி நிகழ இயலாது என்று கட்டுரையைத் திருப்பியனுப்பினார்கள். பிறகு ஜபோட்டின்ஸ்கி அதை ஆராய்ந்து, 1970-ல் சாய்க்கினுடன் சேர்ந்து, மெல்லிய படலமாகப் பரப்பிய கரைசலில் அலைகள் வளையம் வளையமாக விரிவதைக் காட்டினார். புரோமஸ் அமிலம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதும், புரோமைடு அயனி அதை அடக்குவதுமே உட்காரணம் என்று 1972-ல் ஃபீல்டு, கோரோஸ், நாய்ஸ் மூவரும் நிறுவினர்.

இனி என் திருஷ்டாந்தம். வாசலில் கோலத்துக்குப் புள்ளி வையுங்கள்; புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கட்டம். வெறும் புள்ளி ஓய்வு; மொச்சை வைத்த புள்ளி கிளர்ச்சி; புளியங்கொட்டை வைத்தது களைப்பு. ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கிய மொச்சையைக் கொண்டே இன்று விடியலில் இதைச் செய்து பார்த்துவிட்டு வந்தேன். கிரீன்பெர்க்கும் ஹேஸ்டிங்ஸும் 1978-ல் வெளியிட்ட விதி இதுதான்: மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு அண்டைப் புள்ளிகளில் ஒன்றிலேனும் மொச்சை இருந்தால் வெறும் புள்ளி மொச்சையாகும், மொச்சை அடுத்த படியில் புளியங்கொட்டையாகும், புளியங்கொட்டை அதற்கடுத்து வெறும் புள்ளியாகும். நடுவில் ஒரே மொச்சையை வைத்தால், அலை சாய்சதுரமாக விரிந்து, உள்ளே ஓய்வை விட்டுவிட்டு, ஒரே தடவையோடு போய்விடும். ஆனால் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளில் சுற்று வரிசையாக ஒன்றில் மொச்சை, அடுத்ததில் புளியங்கொட்டை, மற்ற இரண்டில் ஒன்றுமில்லாமல் வைத்துப் பாருங்கள். மொச்சை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி நகர்ந்து, நான்காம் படியில் பழைய இடத்துக்கே வந்து, ஓயாமல் சுழன்று, சுற்றிலும் சுருள் அலைகளை அனுப்பிக்கொண்டேயிருக்கும். விரியும் வளையத்தை மெல்ல அறுத்துவிட்டால் அறுந்த முனை சுருண்டு கொள்வதைக் கரைசலிலும் காண்கிறோம். இரண்டு அலைகள் மோதினால் இரண்டும் மறைவதும் கரைசலில் உண்டு, கோலத்திலும் உண்டு.

ரசாயனம் எங்கே என்று என் சகாக்கள் கேட்பர். மொச்சை அண்டைப் புள்ளியைத் தூண்டுவது புரோமஸ் அமிலம் பரவிச் சென்று பக்கத்துத் துளியை மூட்டுவதன்றி வேறென்ன? புளியங்கொட்டையின் களைப்பு புரோமைடு மீண்டும் பெருகி நிற்கும் நிலையன்றி வேறென்ன? ரசாயனச் சமன்பாட்டை நான் வெறுக்கவில்லை. ஆனால் அதன் சாரத்தை மூன்று நிலைகளில் வடித்தெடுத்தவனை ரசாயனம் அறியாதவன் என்பது நியாயமன்று.

வட்டம் வரவேண்டிய இடத்தில் சாய்சதுரம் வருகிறதே என்பது அவர்களுடைய வலிய ஆட்சேபம். அது விதியின் குற்றமன்று, புள்ளி வரிசையின் குற்றம். அண்டையின் எல்லையை விரித்து, அலை முகப்பின் வளைவுக்கேற்ப வேகம் மாறச் செய்து, கெர்ஹார்ட், ஷுஸ்டர், டைசன் மூவரும் 1990-ல் இதற்குப் பரிகாரம் கண்டனர்.

நேரம் குறைவு. கோரக்பூரில் ரஸ்தோகி ஊசலாடும் கிரியைகளில் நிகழ்த்திய சோதனைகளை இவ்விதிகளோடு ஒப்பிட வேண்டும். சென்னையில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்துக்கு வகுத்த இலக்கணத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். புள்ளிகளை ஒழுங்காக இடாமல் தூவினால் அலை வட்டமாகுமா என்பதையும், களைப்பைப் பல படிகளாக்கி, வெப்பம் ஏறும்போது அவற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதையும் இளைஞர் எவரேனும் செய்து பார்க்கட்டும்.