நாவின்மேல் வைத்த நம்பிக்கை



துன்பம் வரும்போது இறைவனை நம்பு என்பது சமயங்கள் பல கூறும் அறிவுரை. துன்பத்தில் உழலும் மனிதனை இறைவன் நம்புவதுண்டா? இவ்வினாவுக்கு விடை தரும் நூல் ஒன்று கிறித்தவத் திருமறையில் உண்டு. அது யோபு நூல். 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் தொடக்கமும் முடிவும் உரைநடை; இடைப்பட்ட பெரும்பகுதி செய்யுள். ஆகவே கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் அதனை எடுத்துரைப்பது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

ஊத்சு நாட்டு யோபுக்கு மக்கள் பதின்மர்; ஆடுகள் 7000; ஒட்டகங்கள் 3000. விண்ணவர் அவையில் அவனைப் பற்றிய பேச்சைத் தொடங்குபவர் இறைவனே. அவனைப் போன்ற நேர்மையாளன் மண்ணில் இல்லை என்கிறார். அங்கே சாத்தான் நிற்கிறான். எபிரேய மொழியில் அச்சொல்லுக்குக் குற்றஞ்சாட்டுபவன் என்பது பொருள். யோபின் பக்தி பயன் கருதிய பக்தியே என்றும், கொடுத்ததைப் பறித்தால் அவன் இறைவனை நேருக்கு நேர் பழிப்பான் என்றும் அவன் வாதிடுகிறான்.

இவ்விடத்தில் நம் அரிச்சந்திரன் கதை நினைவுக்கு வராமற் போகாது. அங்கும் விண்ணவர் அவை உண்டு, வழக்கும் உண்டு. மன்னனுக்காக வசிட்டர் உறுதி கூற, விசுவாமித்திரர் மறுக்கிறார். ஆனால் அங்கே உறுதி கூறுபவர் குலகுரு, இங்கே இறைவன். யோபு தவறினால் பொய்த்துப் போவது இறைவனின் சொல். ஒரு மனிதனின் நாவை நம்பித் தம் சொல்லையே அவர் பணயமாக வைக்கிறார்.

ஏனெனில் சோதனை முழுவதும் ஒரு சொல்லைப் பற்றியது. இறைவனைப் பழிக்கும் சொல் அவன் வாயில் வருமா, வராதா என்பதே வழக்கு. சுவையான செய்தி ஒன்று: 'பழித்தல்' என்று வரவேண்டிய அவ்விடங்களில் எபிரேய மூலத்தில் 'வாழ்த்துதல்' என்ற சொல்லே நிற்கிறது. எழுதவும் கூசி, மங்கலச் சொல்லால் மறைத்திருக்கின்றனர். மங்கல வழக்கை நன்னூலில் பயின்ற நமக்கு இது புதிதன்று.

செல்வம் போயிற்று; மக்கள் மாண்டனர்; உடலெங்கும் கொடிய புண். சாம்பலில் அமர்ந்த அவனருகே நண்பர் மூவர் ஏழு நாள் பேசாதிருந்தனர். பின்னர் யோபு வாய் திறந்தான். பொறுமைக்கு யோபு என்று சொல்லிப் பழகிய நாம் இங்கே திகைக்கிறோம். அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், நீதி கேட்கிறான், இறைவனையே வழக்குக்கு அழைக்கிறான். ஆனால் சாத்தான் எதிர்பார்த்த அந்த ஒரு சொல் மட்டும் அவன் நாவில் எழவில்லை.

எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் இறைவனுக்காக வாதாடுகின்றனர். துன்பம் வந்ததால் குற்றம் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தருக்கம். பக்தி ததும்பும் பேச்சுத்தான். எனினும் மூவரில் ஒருவரும் ஒருமுறையேனும் இறைவனை விளித்துப் பேசவில்லை. யோபோ மீண்டும் மீண்டும் அவரிடமே திரும்புகிறான். நண்பர்களுக்கு இறைவன் படர்க்கை, யோபுக்கு முன்னிலை.

இறைவன் சூறைக்காற்றினின்று பேசுகிறார். அறியாது பேசியதற்காக யோபையும் கடிகிறார், அவனும் பணிகிறான். ஆயினும் இறுதித் தீர்ப்பு வியப்புக்குரியது. தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபே, நண்பர்கள் அல்லர் என்கிறார். 'குறித்து' எனப் பெயர்க்கப்படும் எபிரேய இடைச்சொல்லுக்கு 'நோக்கி' என்ற பொருளும் உண்டு. அழுகையாயினும் வழக்காயினும் அவரை நோக்கிச் சொன்னது சரியாயிற்று. அதோடு நில்லாமல், அந்நண்பர்களின் மன்னிப்புக்காக வேண்டும் பொறுப்பையும் யோபிடமே ஒப்படைக்கிறார். தன்னைப் புண்படுத்தியோருக்காக அவன் மன்றாடுவான் என்று மறுமுறையும் அவனை நம்புகிறார்.

இந்த நம்பிக்கை கொடியது அன்றோ என நீங்கள் வினவலாம். நியாயமான வினா. விண்ணவர் அவையில் நடந்தது யோபுக்கு இறுதிவரை சொல்லப்படவேயில்லை. ஆடுகள் 14000 ஆயின. ஒட்டகங்கள் 6000 ஆயின. பிள்ளைகள் மட்டும் மறுபடியும் பதின்மரே. ஆடு மாடுகளுக்கு இரட்டிப்பு உண்டு, பிள்ளையை இழந்த நெஞ்சுக்கு ஈட்டுக்கணக்கு இல்லை என்று கவிஞர் சொல்லாமற் சொன்னதாகவே நான் கொள்கிறேன். நூல் துன்பத்துக்குக் காரணம் கூறவில்லை. துன்புறுவோன் நம்பத்தக்கவன் என்று மட்டும் கூறுகிறது.

கவிஞர்களே, இழவு வீட்டில் வாய்விட்டு அழுபவளை நோக்கி, அழாதே, அது விசுவாசக் குறைவு என்று அதட்டும் குரலை நாம் கேட்டிருக்கிறோம். அது எலிப்பாசின் குரல். ஒப்பாரியும் கையறுநிலையும் வளர்த்த மொழி நம்முடையது. துன்புறுவோரின் நாவை இறைவனே நம்பியிருக்க, நாம் ஏன் ஐயுற வேண்டும்? அவர்கள் பேசட்டும், அருகிருந்து கேட்போம். உங்கள் எழுதுகோல் அவர்கள் பக்கம் நிற்கட்டும்.