வக்காலத்து

அவையோரே! இந்த மண்டபத்திலிருந்து பொடிநடையாகப் போனால் சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் சாலை. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், கலவரம் வெடித்தது. 25 பேர்மீது குற்றச்சாட்டு. ஊரே கோபத்தில் இருந்தபோது, கட்டணம் வாங்காமல் அவர்களுக்காக வாதாட வந்தார்கள் சில வழக்கறிஞர்கள். அவர்களிடம் பிறகு வருவோம்.

தேக்கா சந்தையில்கூடக் கேட்கலாம்: "அவனுக்கு என்ன வக்காலத்து வாங்குறே?" கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுக்கிற தாள் அது. தமிழன் வாயில் வசவாகிவிட்டது! வசவோடு போனால் பொறுக்கலாம். தாளை வாங்கிய கைக்கே விலங்கு என்றால்?

1988, மே 6. சிங்கப்பூரின் முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல் பிரான்சிஸ் சியோ, கட்சிக்காரரைப் பார்க்க விட்லி சாலைத் தடுப்புக்காவல் நிலையத்துக்குப் போனார். அவருடைய கட்சிக்காரர் டியோ சோ லுங்கும் வழக்கறிஞர்தான். பார்க்கப் போனவர் வீடு திரும்பவில்லை! உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 72 நாள் காவல். அமெரிக்கத் தூதரக அதிகாரியோடு சேர்ந்து உள்நாட்டு அரசியலில் தலையிட்டார் என்றது அரசு. இருக்கட்டும். அதை நீதிமன்றத்தில் வைத்து நிரூபித்திருக்கலாமே? குறுக்கு விசாரணை செய்ய ஒருவரை விட்டிருக்கலாமே? 72 நாள், ஐயா, 72 நாள்!

குற்றவாளிக்குப் பேசுகிறவனும் குற்றவாளியாம். சில மேடைகளில் முழங்குகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை நள்ளிரவில் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் தொலைபேசி யாருக்குப் போகும்?

சென்னைக்கு வாருங்கள். 2025 ஜூன். மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதார் எழுதிக்கொடுத்த சட்டக் கருத்துரைக்காக அமலாக்கத் துறை அவருக்கே சம்மன் அனுப்பியது. வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தன. சம்மன் திரும்பப் பெறப்பட்டது. அக்டோபர் 31இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது: சட்டம் சொல்லும் விதிவிலக்கு இருந்தாலொழிய, கட்சிக்காரரின் விவரம் கேட்டு வக்கீலை அழைக்கக் கூடாது, அப்போதும் காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்.

சாட்சியைக் கலைத்த வக்கீல், ஆவணத்தைத் திருத்திய வக்கீல், கட்சிக்காரரின் குற்றத்துக்குத் துணைபோன வக்கீல் கூண்டில் ஏறட்டும். அதைத்தான் அந்த விதிவிலக்கும் சொல்கிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதைக் காக்கும் பிரிவுகள், இந்தியாவின் இன்றைய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவும் சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டத்தின் 128ஆம் பிரிவும், 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் என்ற ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். வாதாடியது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

இப்போது அந்த வழக்கறிஞர்கள். ஆங்கிலம் புரியாமல் கூண்டில் நின்ற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்களே, அவர்களில் எவராவது இன்று இந்த அவையில் இருந்தால், எழுந்து நில்லுங்கள் ஐயா. அவையோரே, கைதட்டுங்கள்!