சார்ஜரில் 60, ஸ்கிரீனில் 28: நடுவில் பிரேக் போடுவது யார்?

பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் இ.வி. ஓட்டிட்டுப் போற நிறைய பேர் தருமபுரியில் நிறுத்தி சார்ஜ் போடுவாங்க. நானும் அப்படித்தான். மே மாச மதியம், என்.எச். 44 ஓரம். சார்ஜர் மேல 60 கிலோவாட்னு எழுதியிருக்கு, ஸ்கிரீன்ல 28தான் ஓடுது. பின்னாடி காத்திருந்த அண்ணன், "பாதி கரண்ட்டைக் கொடுத்துட்டு முழுக் காசு வாங்குறாங்க தம்பி"ன்னார். காசு யூனிட்டுக்குத்தான், நிமிஷத்துக்கு இல்லைன்னு சொன்னேன். கோபம் குறையல.

முதல் காரணம் சிம்பிள். பல இடத்துல ஒரே சார்ஜர்ல ரெண்டு கன் இருக்கும். ரெண்டாவது கார் வந்து சொருகினா 60, முப்பது முப்பதாப் பிரியும்.

அதைவிடப் பெரிய விஷயம், எவ்வளவு கரண்ட் வேணும்னு கேக்குறதே கார்தான். சார்ஜர் அதுக்கு மேல தள்ளாது. நெக்ஸான் இ.வி. மேக்ஸ் 50 கிலோவாட் வரைக்கும்தான் வாங்கும். 120 கிலோவாட் சார்ஜர்ல போட்டாலும் அவ்வளவுதான். மஹிந்திரா பி.இ. 6 நேர் எதிர். பெரிய பேட்டரி மாடல் 20லிருந்து 80 சதவீதம் போக 20 நிமிஷம்னு கம்பெனி சொல்லுது. ஆனா அதுக்கு 180 கிலோவாட் சார்ஜர் வேணும். 60ல நின்னா, 79 யூனிட் பேட்டரியில 47 யூனிட் ஏத்த முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும்.

சரி, கார் ஏன் குறைச்சுக் கேக்குது? டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. காலி பஸ்ல எல்லாரும் ஓடிப்போய் உட்காருவாங்க. கூட்டம் ஏற ஏற, சீட் தேட நேரம் ஆகும். அப்பவும் வாசல்ல தள்ளினா ஃபுட்போர்டுலதான் தொங்கணும். பேட்டரிக்குள்ள லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள்ள போய் உட்காரணும். இடம் கிடைக்காம மேற்பரப்பிலேயே உலோகமாப் படிஞ்சா பேட்டரியோட ஆயுசு குறையும், ஷார்ட் ஆகுற ஆபத்தும் இருக்கு. அதனாலதான் 80 சதவீதம் தாண்டினதும் வேகம் இறங்குது. பேட்டரி ரொம்பச் சூடானாலும் குறையும். கொளுத்துற வெயில்ல ஹைவேயில விரட்டிட்டு வந்தா சொல்லவே வேணாம்.

இந்தக் கட்டுப்பாட்டோட எனக்குச் சண்டை இல்லை. வாங்கினப்போ இருந்த வேகத்தை, அப்புறம் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்ல சத்தமில்லாமக் குறைக்கிறதுதான் பிரச்சினை. 2019ல் டெஸ்லா பழைய மாடல் எஸ் கார்கள்ல பேட்டரியோட அதிகபட்ச வோல்டேஜை அப்படிக் குறைச்சது. ஓனர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2021ல் 1,743 கார்களுக்காக 15 லட்சம் டாலர் தந்து சமரசம் ஆச்சு. கார் ஒண்ணுக்கு சுமார் 625 டாலர். பாதுகாப்புக்காகக்கூட இருக்கலாம். ஆனா காசு கொடுத்தவன்கிட்ட முதல்ல சொல்லணுமா இல்லையா?

நம்ம ஊர் கார்களுக்கும் இப்ப அப்டேட் காத்துவழியாத்தான் வருது. அதனால அடுத்த அப்டேட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை சார்ஜிங் ஸ்கிரீனை போட்டோ எடுங்க. அதே சார்ஜர், பக்கத்து கன் காலி, ஏறக்குறைய அதே சதவீதம், அதே நேரம்னு பாத்துக்கோங்க. வித்தியாசம் பெருசா இருந்தா எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.