ஒரு விரலில் சுற்றும் ஸ்டியரிங்

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிகளை வாங்கி உயரம் கூட்டிக்கொள்வது இன்று பெரும் மோகம். 1970களின் ஃபோர்டோ செவர்லேயோ கிடைத்தால் போதும். ஸ்பிரிங்கை மாற்றி 4 அங்குலம், 6 அங்குலம் தூக்கி, 35 அங்குல டயரை மாட்டிவிடுகிறார்கள். வண்டி நிற்கும்போது பார்க்க அழகாகவே இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறி 60 மைல் வேகம் தொட்டதும்தான் ஓட்டுகிறவருக்கு வயிற்றில் புளி கரைகிறது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். ஆனால் சுற்றிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. தானாகத் திரும்பி வருவதில்லை. சாலை எப்படியிருக்கிறது என்ற செய்தி உள்ளங்கைக்கு வந்து சேர்வதும் இல்லை.

இதற்கு இப்போது நாகரிகமாகிவிட்ட வைத்தியம் ஸ்டியரிங் டாம்பர். முன் ஆக்சிலுக்குக் குறுக்கே, பளபளக்கும் வண்ணத்தில், ஒன்றுக்கு இரண்டாக மாட்டுகிறார்கள். டாம்பர் உதறலை அடக்கும், குழியில் விழும்போது வரும் உதையை வாங்கிக்கொள்ளும். சக்கரத்தை நேராக்கிக் கொடுக்கும் வேலை அதற்குத் தெரியாது. நோயை அப்படியே விட்டு அறிகுறியை மட்டும் அமுக்கும் இந்தப் பழக்கம் எந்த நல்ல மெக்கானிக்குக்கும் எரிச்சல் தரும், தரவும் வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இலகு வேறு, லூஸ் வேறு. ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் அசைத்த பிறகுதான் சக்கரம் அசைகிறது என்றால் அது பிளே, அது லூஸ். டை ராட் முனை, ஸ்டியரிங் பாக்ஸ், தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் இணைப்பு என்று தேய்ந்ததைத் தேடிப் போகலாம். அதைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே கே வரிசை வண்டியென்றால், ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தியிருக்கும் இடத்தில் சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்ட வண்டிகளில் அங்கே வெடிப்பு விடுவது பழைய கதை.

எல்லா மூட்டும் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போலச் சுற்றுகிறது என்றால் அது இலகு. இலகு வேறு, லூஸ் வேறு. இலகுவுக்குப் பார்க்க வேண்டிய முதல் இடம் காஸ்டர்.

இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டியவர்களின் உடம்புக்குக் காஸ்டர் தெரியும். சைக்கிளின் ஹேண்டில்பார் குழாய் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக்கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். ஆகவே சக்கரம் தன் திருப்புமையத்துக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வருவது நேராகவே வரப் பார்க்கும். மோட்டார் வண்டியில் மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் இணைக்கும் கோட்டின் பின்சாய்வுதான் காஸ்டர். பிரான்சில் ஆர்தர் கிரெப்ஸ் 1896லேயே இந்தச் சாய்வைக் காரில் புகுத்தினார். 31 அங்குல டயருக்கு 4 டிகிரி சாய்வு கொடுத்தால், தொடுபுள்ளி ஏறக்குறைய ஓர் அங்குலம் பின்தங்கும். அந்த ஓர் அங்குலம்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவருகிறது. சாய்வு பூஜ்யமாகிவிட்டால் 35 அங்குல டயர் போட்டாலும் அந்த இழுப்பு வராது.

உயரம் கூட்டினால் இந்தச் சாய்வு ஏன் கரைகிறது? 1978, 1979ஆம் ஆண்டு நாலு சக்கர இழுவை ஃபோர்டு எஃப்-150ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் முன் ஆக்சிலை இரண்டு நீளக் கைகள் பிடித்திருக்கின்றன. கைகளின் பின்முனை சேசிஸில் ஊன்றியிருக்கிறது. சேசிஸ் உயர்ந்தால் பின்முனையும் கூடவே உயரும், முன்முனை ஆக்சிலோடு கீழேயே தங்கும். கை சாயச் சாய ஆக்சிலும் முன்பக்கமாகப் புரளும். கை 40 அங்குல நீளம் என்று வைத்துக்கொண்டால், 4 அங்குலம் தூக்கியதும் காஸ்டரில் 5 டிகிரிக்கு மேல் கரைந்துவிடும். ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை முன்பக்கம் வைத்த ஜீப் சிஜே-7லும் இதே கதி: நீள ஷேக்கிள் போட்டால் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை இறங்கி ஆக்சிலைப் புரட்டும். பின்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் கூடுதலாக உயர்த்தினாலும், 117.5 அங்குல வீல்பேஸ் உள்ள வண்டியில் ஒரு டிகிரி காணாமல் போகும்.

இதை எழுதுகிறவருக்கும் இது கையால் கற்ற பாடம். நண்பர் ஒருவரின் உயரம் கூட்டிய 1979 எஃப்-150க்குப் புது பவர் ஸ்டியரிங் பம்பு போட்டாயிற்று, பாக்ஸும் மாற்றியாயிற்று. சனி, ஞாயிறு இரண்டும் போயின. ஸ்டியரிங் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்தை இடம் 20 டிகிரி, வலம் 20 டிகிரி திருப்பி, இரண்டு நிலையிலும் சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பரை அளந்து, வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கிப் பார்த்தார்கள். வந்த காஸ்டர் அரை டிகிரி. அளந்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அளவெடுக்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது என்று அன்று முடிவு செய்தவர் இன்றுவரை அதை மீறவில்லை.

காஸ்டர் சரியாக இருந்தும் இலகுவாக இருந்தால் டயரில் காற்றைப் பார்க்க வேண்டும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதுவரை அடித்துவிட்டால் லேசான முன்பாகத்துக்கு நடுப்பட்டை மட்டும்தான் தரையில் படும். டயருக்குக் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுச் சில கஜம் ஓட்டினால், நடுவில் மட்டும் அழிகிறதா, முழு அகலமும் அழிகிறதா என்று தெரியும்.

பவர் ஸ்டியரிங் அதற்குப் பிறகுதான். அதைக் கொடுத்தவர் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ். கனத்த லாரியைத் திருப்பத் தோள் வலிக்கப் போராடிய ஓட்டுநர்களைப் பார்த்தவர் அவர். 1926லேயே ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951இல்தான் கிரைஸ்லர் இம்பீரியலில் அது விற்பனைக்கு வந்தது. பாக்ஸுக்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. கை திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறதோ அவ்வளவு வால்வு திறந்து எண்ணெய் உதவிக்கு வரும். கம்பி மெல்லியதாக இருந்தால் தொட்டதுமே உதவி ஓடிவரும். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்கு ஒரு விரல் ஸ்டியரிங்தான் பெருமை. அப்படிப்பட்ட காரின் பாக்ஸைக் கழற்றிப் பிக்கப்பில் போட்டிருந்தால், தடித்த கம்பி உள்ள பாக்ஸைத் தேட வேண்டியதுதான். பம்பின் உச்ச அழுத்தத்தைக் குறைப்பதால் பயன் குறைவு. அந்த அழுத்தம் வேலை செய்வது வண்டியை நிறுத்தும் இடத்தில் முழுக்கத் திருப்பும்போது. நெடுஞ்சாலையில் நடுநிலைப் பிடிப்பு வால்விலும் காஸ்டரிலும் இருக்கிறது.

காஸ்டரை மீட்கும் வழி வண்டிக்கு வண்டி மாறும். பட்டை ஸ்பிரிங் என்றால் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு. ஃபோர்டுக்கு, துளை சற்றுச் சாய்ந்த சி வடிவப் புஷ். 2, 4, 7 டிகிரிகளில் கிடைக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிலைப் பின்பக்கம் புரட்டினால் அதோடு சேர்ந்த டிஃபரன்ஷியலின் மூக்கும் தாழும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்டில் கோணம் கூடி அது அதிரத் தொடங்கும். அதிகம் தூக்கிய வண்டியில் புஷ்ஷோடு நிறுத்தக்கூடாது. ஆக்சில் குழாயின் நுனியில் இருக்கும் பிடியை வெட்டி, சாய்வைத் திருப்பி மறுபடி வெல்டு வைப்பதே சரியான வேலை. செலவுதான், ஆனாலும் இரண்டு டாம்பருக்குக் கொடுக்கும் பணத்தை அங்கே போடலாம்.

அந்த 1979 எஃப்-150க்கு 4 டிகிரி புஷ் போதுமானதாக இருந்தது. அரை டிகிரி நாலரை ஆயிற்று. முன்சக்கரங்கள் உள்நோக்கி நிற்கும் அளவான டோ-இன்னை மறுபடி அளந்து, எட்டில் ஓர் அங்குலத்தில் நிறுத்தி, கோணலாக நின்ற ஸ்டியரிங்கை டிராக் லிங்கைத் திருகி நேராக்கினார்கள். பிறகு வண்டியை ஒரு காலி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். நண்பர் மெதுவாக ஒரு வட்டம் அடித்து, பாதியில் பிடியைத் தளர்த்தினார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் உருண்டு நடுவுக்கு வந்து நின்றது. வண்டியில் ஏற்கெனவே மாட்டியிருந்த இரண்டு டாம்பரும் அன்றைக்கே கழற்றப்பட்டன.