தொழில் நொடிச்சாலும் வீடு நிக்கணும்

(வேங்கிக்காலில் நடந்த இளைஞரணி தொழில்முனைவோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பகிர்கிறோம்.)



இன்னைக்கு நான் அரசியல் பேச வரல. ஆனா பேசப் போறது அரசியல் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். கலெக்டர் ஆபீஸ் நம்ம வேங்கிக்கால்லயே இருக்கு. மனு கொடுக்க வர்ற தம்பிகள், தங்கச்சிகள் பல பேர் என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, சொந்தமா தொழில் ஆரம்பிக்கப் போறேன். கம்பெனியா பதிவு பண்ணணுமா, இல்ல பேர் எழுதி ஒரு போர்டு மாட்டினா போதுமா?"

நல்ல கேள்வி. நம்ம வீடுகள்ல முதலீடுன்னா என்ன? அம்மாவோட நகை. தாத்தா விட்டுட்டுப் போன அரை ஏக்கர். அப்பா கட்டின வீடு. இதை வெச்சுத்தான் பையனோ பொண்ணோ கடை போடறாங்க. அதனால தொழில் தோத்தா தொழில் மட்டும் போகுமா, வீடும் சேர்ந்து போகுமான்னு முதல்லயே கேட்டுடணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம மாவட்டம் மணிலாவுக்குப் பேர் போனது. ரெண்டு நண்பர்கள் சேர்ந்து இங்க ஒரு மரச்செக்கு போடறாங்கன்னு வெச்சுக்கங்க. பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்ற கூட்டத்துக்கும் சென்னைக் கடைகளுக்கும் எண்ணெய் விக்கறாங்க. பத்திரத்தாள்ல கூட்டு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. ரெண்டு வருஷம் நல்லா ஓடுது. மூணாவது வருஷம் சரக்கு தேங்குது, 18 லட்சம் கடன் நிக்குது. ஒருத்தர் போனை அணைச்சிட்டு ஊரை விட்டுப் போயிட்டார். இன்னொருத்தர் பேர்ல ஒரு வீடு இருக்கு.

கடன்காரர் யாரைத் தேடுவார்? வீடு இருக்கறவரைத்தான். பாதிக் கடனைக் கேட்க மாட்டார், முழுக் கடனையும் கேட்பார். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 25-ஆம் பிரிவு அதுக்கு இடம் கொடுக்குது. கூட்டுத் தொழிலோட கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாவும் பொறுப்பு. தனி ஆளா கடை நடத்தினாலும் இதே கதைதான். சட்டத்தின் கண்ணுல கடையும் நீங்களும் ஒண்ணுதான்.

இப்போ "பிரைவேட் லிமிடெட்"னு போர்டு பாத்திருப்பீங்க. அந்த "லிமிடெட்" எதுக்கு எல்லை போடுது? வியாபாரத்துக்கு இல்ல, உங்க பொறுப்புக்கு. கம்பெனி பதிவானதும் சட்டப்படி அது தனி ஆள். அதுக்குத் தனிப் பேர், தனி பான் எண், தனிச் சொத்து, தனிக் கடன். நீங்க பங்குப் பணமா போடச் சம்மதிச்ச தொகையோட உங்க பொறுப்பு முடிஞ்சுது. கம்பெனி கடனுக்குக் கம்பெனி சொத்துதான் பதில் சொல்லணும்.

இது பெரிய முதலாளிகளுக்கான ஏற்பாடுன்னு நினைக்காதீங்க. நம்ம மண்ணுல இதைச் சாமானியர் கையில கொடுத்தவர் வ.உ.சிதம்பரனார். 1906 அக்டோபரில் அவர் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாப் பிரிச்சார். பாண்டித்துரைத் தேவர் தலைவர். 1907-ல காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்துச்சு. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சு நெருக்கினது, 1908-ல வ.உ.சி. சிறைக்குப் போனது, 1911-ல கம்பெனி கலைஞ்சது எல்லாம் நமக்குத் தெரியும். இன்னொண்ணையும் கவனிங்க. அந்தக் கம்பெனி மூழ்கினப்போ, 25 ரூபாய் பங்கு வாங்கினவருக்குப் போனது அந்த 25 ரூபாய். அவரோட வீட்டையும் நிலத்தையும் யாரும் கேட்க முடியாது. அந்தத் தைரியம் இல்லாம இத்தனை பேர் ஒரு பேரரசை எதிர்த்துப் பணம் போட்டிருக்க முடியுமா?

"கப்பல் கம்பெனி சரி, எல்லாப் பங்கும் என் குடும்பத்துக்கிட்டயே இருந்தா?"ன்னு கேட்கலாம். லண்டன்ல சாலமன்னு ஒரு தோல் பூட்ஸ் தயாரிப்பாளர். மனைவியையும் பிள்ளைகளையும் பங்குதாரர் ஆக்கி 1892-ல கம்பெனி தொடங்கினார். அது நொடிச்சுப் போச்சு. "கம்பெனின்னாலே இவர்தான், இவரே கடனைக் கட்டணும்"னு வழக்கு. 1896-ல அந்த நாட்டின் உச்ச மன்றம், கம்பெனி வேற, சாலமன் வேறன்னு தீர்ப்பு சொல்லுச்சு. இன்னைக்கும் நம்ம நாட்டு நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுற தீர்ப்பு அது.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கறது? சிறு தொழிலுக்கு மூணு வழி இருக்கு.

ஒண்ணு, ஒரு நபர் கம்பெனி. 2013 கம்பெனிகள் சட்டம் கொண்டு வந்தது. நீங்க ஒருத்தரே உறுப்பினர். உங்களுக்குப் பிறகு யார்னு ஒரு நாமினி பேர் மட்டும் கொடுக்கணும்.

ரெண்டு, பிரைவேட் லிமிடெட். குறைஞ்சது 2 பேர், அதிகபட்சம் 200 உறுப்பினர்கள். பின்னாடி வெளி முதலீடு வாங்கற எண்ணம் இருந்தா இதுதான் வசதி.

மூணு, எல்.எல்.பி. என்கிற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை. 2008 சட்டம். கூட்டுத் தொழிலோட எளிமையும் இருக்கு, கம்பெனியோட பாதுகாப்பும் இருக்கு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும், இல்லேன்னா பங்களிப்பு 25 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும், இந்தச் சட்டப்படி கட்டாயத் தணிக்கை கிடையாது. அந்த ரெண்டு செக்கு நண்பர்களும் என்கிட்ட வந்திருந்தா, முதல்ல இதைத்தான் பாக்கச் சொல்லியிருப்பேன்.

கம்பெனி தொடங்க ஒரு லட்சம் மூலதனம் காட்டணும்னு முன்ன ஒரு விதி இருந்துச்சு. 2015-ல அதை எடுத்துட்டாங்க. பதிவு முழுக்க ஆன்லைன்தான். "ஸ்பைஸ் பிளஸ்"னு ஒரே படிவத்துல பேர், பதிவு, பான், டான், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்ந்து வந்துடும். அனுமதிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரைக்கும் ஒன்றிய அரசின் பதிவுக் கட்டணம் கிடையாது. முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையொப்பம், ஆடிட்டர் கூலி இருக்கு. அலுவலக முகவரிக்கு வீட்டையே காட்டலாம். மின் கட்டண ரசீதும் வீட்டு உரிமையாளரோட சம்மதக் கடிதமும் போதும். "உத்யம்" பதிவுக்குப் பைசா செலவில்லை. அதுக்குக் காசு கேட்டா, கேட்கறவர் இடைத்தரகர்னு புரிஞ்சுக்கங்க.

இனிமே சொல்றதுதான் முக்கியம். லிமிடெட்ங்கறது ஒரு சுவர். அந்தச் சுவர்ல நீங்களே ஓட்டை போட்டுடக் கூடாது.

முதல் ஓட்டை, தனிநபர் உத்தரவாதம். பேங்க்ல கம்பெனி பேர்ல கடன் கேட்டா, இயக்குநர் உத்தரவாதக் கையெழுத்து கேட்பாங்க. போட்டீங்கன்னா அந்தக் கடனுக்கு நீங்களும் பொறுப்பு. குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. கடன் உத்தரவாத நிதித் திட்டமும் இருக்கு. வீட்டுப் பத்திரத்தை நீட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் கேளுங்க.

ரெண்டாவது, காசோலை. கம்பெனி செக் பணமில்லாம திரும்பினா, கையெழுத்துப் போட்ட இயக்குநர் மேலயும் வழக்கு வரும். மோசடிக்கும், கட்டாம விட்ட வரிக்கும்கூட "லிமிடெட்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

மூணாவது, கல்லாப் பணமும் வீட்டுப் பணமும் கலக்கறது. கம்பெனிக் கணக்குல இருந்து மளிகைக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் எடுக்காதீங்க. சம்பளம்னு எழுதி எடுங்க.

நாலாவது, கணக்கு தாக்கல் பண்ணாம விடறது. விற்பனையே இல்லேன்னாலும் கம்பெனிக்கு வருஷா வருஷம் தணிக்கை உண்டு, தாக்கல் உண்டு. தாமதமானா ஒவ்வொரு ஆண்டுப் படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். பதிவான 180 நாளுக்குள்ள, பங்குப் பணம் வந்துடுச்சு, தொழில் தொடங்குறோம்னு அறிவிப்பும் கொடுக்கணும். தொடர்ந்து மூணு வருஷம் தாக்கல் பண்ணலேன்னா இயக்குநருக்கு அஞ்சு வருஷத் தகுதியிழப்பு. 2017-ல ஒரே வீச்சுல 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டுல இருந்து நீக்கினாங்க. ஆரம்பிச்சுட்டு மறந்துபோன சின்னக் கம்பெனிகளும் அதுல உண்டு.

அதனால எல்லாரும் நாளைக்கே பதிவு பண்ணுங்கன்னு நான் சொல்லல. கிரிவலப் பாதையில தள்ளுவண்டி போடற அக்காவுக்குக் கம்பெனி தேவையில்லை. கடன் இல்லாத, கையிருப்புல ஓடற சின்னத் தொழிலுக்குத் தணிக்கைச் செலவே பாரம். தனி ஆளுக்கு வரி விலக்கு வரம்பு இருக்கு, கம்பெனி லாபத்துக்கு முதல் ரூபாயில இருந்தே வரி. சில மானியத் திட்டங்கள் தனிநபர் பேர்லதான் விண்ணப்பம் வாங்கும். அதனால பதிவுக்கு முன்னாடி மாவட்டத் தொழில் மையத்துல ஒரு தடவை விசாரிச்சுடுங்க. ஆனா கூட்டாளி இருந்தா, கடன் வாங்கினா, கடனுக்குச் சரக்கு எடுத்தா, அன்னைக்கே இந்தச் சுவரைப் பத்தி யோசிங்க.

ஒரு கட்சி எதுக்கு இதையெல்லாம் பேசணும்? காரணம் இருக்கு. பெரிய இடத்துல ஒரு கம்பெனி விழுந்தா, முதலாளி அதே வீட்டுல அதே கார்ல இருக்கார். நம்ம தெருவுல ஒரு கடை விழுந்தா, குடும்பம் ராத்திரியோட ராத்திரியா ஊரைக் காலி பண்ணுது. ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது திறமை வித்தியாசம் மட்டும் இல்ல. ஒருத்தருக்கு இந்தச் சட்டம் தெரியும், இன்னொருத்தருக்கு யாரும் சொல்லல. அந்த யாரோ ஒருத்தர் நாமளா இருக்கணும்.

செக்கு இழுத்துச் சிறையில கஷ்டப்பட்டவர், பங்குப் பத்திரத்தையும் நம்ம கையில கொடுத்துட்டுப் போனார். செக்கை நினைவு வெச்சிருக்கோம், பங்குப் பத்திரத்தை மறந்துட்டோம். ரெண்டையும் சேர்த்து நினைவு வெச்சுக்குவோம்.

தொழில் தோக்கலாம், அது குத்தமில்ல. குடும்பம் நடுத்தெருவுக்கு வரக் கூடாது. தைரியமா ஆரம்பிங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க.



(தொழில் தொடங்க நினைக்கும் நண்பர் யாராவது இருந்தால் இதை அவருக்கு அனுப்பி வையுங்கள், தோழர்களே.)