வியாதியா, பாபமா?

(செலியமேட்டில் செய்த சொற்பொழிவு)



எய்ட்ஸ் என்ற பேரைச் சொன்னதுமே உங்களில் சிலர் தலையைக் குனிந்துகொள்ளுகிறீர்கள். இந்த வெட்கந்தான் அவ்வியாதிக்குப் பெரிய துணை என்பது என் அபிப்பிராயம்.

பெரியம்மை வந்தால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டினோம். குஷ்டம் வந்தவனைப் பூர்வஜென்ம பாபி என்று ஊரைவிட்டு விரட்டினோம். அம்மை குத்தும் முறை வந்தது. 1980-ல் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆத்தா எங்கே போனாள்? குஷ்டமும் இன்று மாத்திரையால் குணமாகிறது. மாத்திரை தின்றால் தீருகிற பாபம் என்ன பாபம்?

எய்ட்ஸ் விஷயத்திலும் இதே கதைதான். கற்புக்குப் பேர்போன புண்ணிய பூமியில் அது வராது என்றார்கள். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் 6 பெண்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கிருமிக்குப் புண்ணிய பூமியும் தெரியாது, ஜாதியும் தெரியாது. ஆணுறையில்லாத சேர்க்கை, கிருமியுள்ள இரத்தம், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடுதல், தாயிடமிருந்து பிள்ளை என்பவையே அது வரும் வழிகள். தொடுவதாலும் கூடச் சாப்பிடுவதாலும் வராது. அப்படியிருக்க, நோயாளிக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் ஏன்? இது வைத்தியர் சொன்னதா, மனு சொன்னதா?

புருஷன் கொண்டுவந்த கிருமிக்குப் பெண்சாதியைப் பழித்து, அவன் செத்தபின் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். கற்பு அவளுக்கு மாத்திரம், மரியாதை அவனுக்கு மாத்திரம் என்பது என்ன நியாயம்?

இதன் பலனை யோசித்துப் பாருங்கள். பாகூர் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் பார்த்துவிட்டால் ஊர் பேசுமே என்று ஒருவன் பரிசோதனைக்கே போவதில்லை. போகாததால் தனக்குக் கிருமி இருப்பது தெரியாது; தெரியாததால் மருந்தில்லை; பிறருக்கும் பரவுகிறது. மருந்தோ 2004 முதல் படிப்படியாக அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாய்க் கிடைக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கியிருப்பவரிடமிருந்து சேர்க்கையினால் பிறருக்குத் தொற்றுவதில்லை. கர்ப்பிணி சாப்பிட்டால் பிள்ளையையும் காப்பாற்றலாம். கையில் மருந்திருந்தும் ஆள் சாவதென்றால், கொன்றது கிருமியா, ஊர் வாயா?

2017-ம் வருஷத்துச் சட்டம், இக்கிருமியைக் காட்டி வேலையோ, பள்ளிக்கூடமோ, வைத்தியமோ மறுக்கக்கூடாது என்கிறது. ஆனால் சட்டம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காராது. அங்கே நாம்தான் மனிதராய் நடந்துகொள்ள வேண்டும்.

ஆகவே தோழர்களே! சந்தேகமிருந்தால் கோவிலுக்கும் ஜோசியனிடமும் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி யோசனை கேளுங்கள். நோயாளியைக் கண்டால் 'என்ன செய்தாய்?' என்று கேளாதீர்கள், 'மருந்து சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். அவ்வளவுதான் நான் கேட்டுக்கொள்ளுவது.